பேரிங் வண்டியும் சக்கரப் பலகையும்

உத்திரமேரூர்ப் பக்கத்துக் கிராமம் எதிலாவது வளர்ந்தவர்களுக்குப் பேரிங் வண்டியைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. லாரிப் பட்டறையில் கழித்துப் போட்ட பழைய பேரிங்குகள் மூன்று, ஒரு பலகை, இரண்டு மரக்கட்டை, நடுவில் ஒரு போல்ட்டு, திருப்புவதற்கு ஒரு கயிறு. இவ்வளவுதான் அந்த வண்டி. ஒருவன் உட்கார, மற்றவன் முதுகைப் பிடித்துத் தள்ள, சிமெண்டுச் சாலையில் 'கரகர'வென்று அது போடும் சத்தம் தெருக்கோடி வரை கேட்கும். பகல் தூக்கம் கலைந்த பெரியவர்கள் திட்டுவார்கள். வழியில் சிறு கல் ஒன்று குறுக்கிட்டால் வண்டி அங்கேயே நின்றுவிடும். உட்கார்ந்திருந்தவன் மட்டும் நிற்காமல் முன்னால் போய் விழுவான். முழங்கால் தோல் உரியும்.

அந்தக் கல்லை மறந்துவிடாதீர்கள். இந்தக் கட்டுரையின் கதாநாயகனும் அதுதான், வில்லனும் அதுதான். கடல் கடந்த நாடொன்றில் ஒரு விளையாட்டையே அது ஏறத்தாழக் குழிதோண்டிப் புதைத்துவிட்டது. அதை வென்ற பிறகுதான் அவ்விளையாட்டு வளர்ந்து, 2021-ஆம் ஆண்டு டோக்கியோவில் ஒலிம்பிக் மேடையேறியது. 'ஸ்கேட்போர்டு' என்று உலகெங்கும் அழைக்கப்படும் அதனை நாம் இங்கே சக்கரப் பலகை என்று சொல்வோம்.

அலை இல்லாத நாளில் பிறந்த விளையாட்டு

அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள கலிபோர்னியா மாநிலத்தில், நீண்ட பலகை மீது நின்றுகொண்டு கடலலையின் சரிவில் சறுக்கி வருவது இளைஞர்களின் பெரும் பொழுதுபோக்கு. ஆனால் அலை எல்லா நாளும் எழுவதில்லை. கடல் அமைதியாக இருக்கும் நாட்களில் என்ன செய்வது? 1950-களில் அங்கிருந்த பையன்கள் சிலர் பழைய உருளைக் காலணியின் சக்கரங்களைக் கழற்றி, ஒரு பலகைத் துண்டின் அடியில் ஆணி அடித்துப் பொருத்தி, நடைபாதையில் நின்றபடி உருண்டார்கள். அதாவது நம் பேரிங் வண்டிதான். உட்காருவதற்குப் பதிலாக நின்றார்கள். 1959-இல் இது கடையில் விலைக்கு வந்துவிட்டது.

நின்று ஓட்டும் வண்டிக்குக் கயிறு கட்ட முடியாது. பின் எப்படித் திருப்புவது? இதற்கான விடை பலகை பிறப்பதற்கு ஏறக்குறைய நூறாண்டுகளுக்கு முன்பே கிடைத்திருந்தது. 1863-இல் நியூயார்க்கைச் சேர்ந்த ஜேம்ஸ் பிளிம்டன் என்பவர் உருளைக் காலணிக்கு ஒரு புதிய அமைப்பைக் கண்டுபிடித்தார். சக்கர அச்சை நேரடியாகப் பலகையில் அறையாமல், சாய்வான ஒரு சுழல்முளையின் மீது, ரப்பர் மெத்தை வைத்துப் பொருத்தினார். நிற்பவர் வலப்பக்கம் சாய்ந்தால் ரப்பர் ஒரு பக்கம் நசுங்குகிறது. சுழல்முளை சாய்வாக இருப்பதால் முன் அச்சு வலப்பக்கம் திரும்புகிறது. பின் அச்சு எதிர்ப்பக்கம் திரும்புகிறது. வண்டி வளைந்து செல்கிறது. சாய்வு நின்றதும் ரப்பர் விரிந்து அச்சுகளைப் பழைய நிலைக்குக் கொண்டுவந்து விடுகிறது. மாட்டு வண்டியின் அச்சு திரும்பாது, மாடுகள்தாம் வண்டியையே திருப்ப வேண்டும் என்பதை நினைத்துப் பார்த்தால் இவ்வமைப்பின் அருமை விளங்கும். இன்று ஒலிம்பிக்கில் ஓடும் பலகையிலும் இதே கொள்கைதான்.

முதல் போட்டிகள்

1963-இல் கலிபோர்னியாவின் ஹெர்மோசா பீச் என்னும் ஊரில், பியர் அவென்யூ பள்ளி வளாகத்தில் ஒரு போட்டி நடந்தது. சக்கரப் பலகைக்கென நடந்த முதல் போட்டி என்று அதனையே குறிப்பிடுகிறார்கள். மகாஹா என்ற பெயரில் பலகை தயாரித்துவந்த லாரி ஸ்டீவன்சன் அதன் பின்னால் இருந்தார். சரக்கு விற்பவரே போட்டி நடத்துவது அன்று தொடங்கி இவ்விளையாட்டில் வழக்கமாகிவிட்டது. அதில் நன்மையும் உண்டு, தொல்லையும் உண்டு. அதைப் பிறகு பார்ப்போம்.

அடுத்த இரண்டே ஆண்டுகளில் அது காட்டுத்தீயாகப் பரவியது. 1965 மே மாதம் அனஹைம் நகரத்தின் லா பால்மா அரங்கில் தேசியப் போட்டி நடந்தது, ஏ.பி.சி. தொலைக்காட்சி அதை நாடு முழுவதும் காட்டியது. அதே மாதம், 'லைஃப்' வார இதழின் அட்டையில் பாட்டி மக்கீ என்ற இளம்பெண், உருளும் பலகையின் மீது தலைகீழாகக் கைகளால் நிற்கும் படம் வெளியாயிற்று. பெண்கள் பிரிவின் முதல் தேசிய வெற்றியாளர் அவர். (2024-இல் தமது 79-ஆம் வயதில் காலமானார்.) அதே 1965-இல் 'ஸ்கேட்டர்டேட்டர்' என்றொரு குறும்படம் பலகைச் சிறுவர்களைப் பற்றி எடுக்கப்பட்டு, மறு ஆண்டு கான் திரைப்பட விழாவில் குறும்படத்துக்கான உயர்ந்த பரிசைப் பெற்றது.

அன்றைய போட்டிகளில் இருவகை ஆட்டங்கள் முக்கியமானவை. வரிசையாக வைத்த கூம்புகளுக்கிடையே வளைந்து வளைந்து விரைந்து செல்வது ஒன்று. அதற்கு நடுவர் தேவையில்லை; கடிகாரம் போதும். மற்றொன்று வித்தை ஆட்டம்: பலகை மீது கைகளால் நிற்பது, இரு சக்கரத்தில் மட்டும் ஓட்டுவது, பம்பரம் போலச் சுழல்வது. இதற்கு மதிப்பெண் போட வேண்டியவர்கள் மனிதர்கள். ஆகவே ஏறக்குறைய தேகப்பயிற்சிப் போட்டியைப் போலவே அதை நடத்தினார்கள். மதிப்பும் அவ்வாறே போட்டார்கள்.

ஆனால் 1965 முடிவதற்குள் எல்லாம் அடங்கிப்போயிற்று. விழுந்து கைகால் முறிந்த பிள்ளைகள் மருத்துவமனைகளுக்கு வந்துகொண்டே இருந்தார்கள். மருத்துவர்கள் எச்சரித்தார்கள். பல நகராட்சிகள் தெருவில் பலகை ஓட்டத் தடை விதித்தன. கடைக்காரர்கள் வாங்க மறுத்தார்கள். தயாரித்த பலகைகள் கிடங்குகளில் தேங்கின. இரண்டாண்டுப் பித்து, வந்த வேகத்திலேயே போய்விட்டது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஒரு சிறு கல்லின் கணக்கு

பிள்ளைகள் ஏன் அப்படி விழுந்தார்கள்? முரட்டுத்தனம் என்றார்கள் பெரியவர்கள். குற்றம் சக்கரத்தில் இருந்தது.

அக்காலத்துச் சக்கரங்கள் முதலில் இரும்பு. பிறகு களிமண் கலவையை இறுக்கிச் செய்தவை. இரண்டும் கடினமானவை. ஐந்து சென்டிமீட்டர் விட்டமுள்ள அத்தகைய சக்கரம் ஒன்று, 5 மில்லிமீட்டர் உயரமுள்ள கல்லில் இடிப்பதாக வைத்துக்கொள்வோம். நீங்களும் ஒரு தாளில் படம் வரைந்து பாருங்கள். சக்கரத்தின் ஆரம் 25 மி.மீ. அதன் மையம் தரைக்கு மேல் 25 மி.மீ. உயரத்தில் இருக்கிறது. கல்லின் உச்சி 5 மி.மீ. உயரத்தில் இருப்பதால், மையம் அந்த உச்சிக்கு மேல் 20 மி.மீ. உயரத்தில் உள்ளது. மையத்திலிருந்து கல்லின் உச்சிக்குள்ள நேர்தூரம் ஆரமே, அதாவது 25 மி.மீ. பைதாகரஸ் தேற்றப்படி 25-இன் வர்க்கத்தில் 20-இன் வர்க்கத்தைக் கழித்தால் 225. அதன் வர்க்கமூலம் 15. ஆகவே கல்லின் உச்சி மையத்துக்கு 15 மி.மீ. முன்னால் இருக்கிறது.

இனிச் சக்கரம் கல்லின் மீது ஏற வேண்டுமானால், கல்லின் உச்சியைத் தாங்குபுள்ளியாகக் கொண்டு அது திரும்ப வேண்டும். மேலிருந்து அழுத்தும் எடை அதைத் திரும்ப விடாமல் தடுக்கிறது. அதன் நெம்புகோல் கை 15. முன்னோக்கித் தள்ளும் விசை ஏற்றப் பார்க்கிறது. அதன் கை 20. இரண்டும் சமமாக வேண்டுமெனில் தள்ளும் விசை, எடையில் 20-க்கு 15 பங்கு, அதாவது முக்கால் பங்கு இருக்க வேண்டும்! அரை சென்டிமீட்டர் கல்லுக்கு இந்தப் பாடு.

அதே கல்லை மாட்டு வண்டிச் சக்கரத்தின் கீழே போடுவோம். விட்டம் 5 அடி, ஆரம் சுமார் 75 செ.மீ. என்று கொண்டு அதே கணக்கைப் போட்டால், தேவைப்படும் விசை எடையில் ஏறத்தாழ ஒன்பதில் ஒரு பங்குதான் வருகிறது. மாடுகளுக்குக் கல் இருந்ததே தெரியாது. நம் முன்னோர்கள் வண்டிச் சக்கரத்தை ஏன் ஆளுயரத்துக்குச் செய்தார்கள் என்பதற்கு இதைவிட வேறு விளக்கம் வேண்டுமோ?

பலகைக்கு அவ்வளவு பெரிய சக்கரம் வைக்க முடியாது. எனவே சிறு சக்கரம் கல்லில் சட்டென நிற்கிறது. நின்றது பலகைதான், மேலே நின்ற பையனின் உடல், நியூட்டனின் முதல் விதிப்படி, முன்பிருந்த வேகத்திலேயே போய்க்கொண்டிருக்கிறது. பேருந்தில் ஓட்டுநர் திடீரென்று பிரேக் போட்டால் நீங்கள் முன் சீட்டில் போய் முட்டுவது போலத்தான். இங்கே முன் சீட்டு இல்லை, தரைதான் இருக்கிறது.

இன்னொரு குறையும் உண்டு. கடினமான சக்கரம் தரையின் மேடு பள்ளங்களுக்கு இணங்கி உட்காராது. ஆகவே வேகமாக வளையும்போது பிடிப்பு விட்டு வழுக்கிவிடும். சக்கரத்தினுள் இருந்த கோலிகளோ தளர்வானவை. வழியிலேயே உதிர்ந்து ஓடுவதும் உண்டு.

கல்லை விழுங்கிய சக்கரம்

1937-இல் ஜெர்மனியில் ஓட்டோ பேயர் என்ற வேதியியல் அறிஞரும் அவரது குழுவினரும் பாலியூரித்தேன் என்னும் புதிய வகைச் சேர்மத்தை உருவாக்கினார்கள். மிக நீண்ட சங்கிலி போன்ற மூலக்கூறுகள் கொண்டது அது. அச்சங்கிலியில் நெகிழும் பகுதியும் கெட்டியான பகுதியும் மாறி மாறி வருமாறு செய்யலாம். எந்தப் பகுதியை எவ்வளவு சேர்க்கிறோம் என்பதைப் பொறுத்து, மெத்தைக்கு வேண்டிய பஞ்சும் கிடைக்கும், இயந்திரத்துக்கு வேண்டிய கெட்டி உருளையும் கிடைக்கும். நீங்கள் படுக்கும் 'போம்' மெத்தையும் இதன் உறவுதான்.

1970-இல் பிராங்க் நாஸ்வொர்தி என்ற இளைஞர், வர்ஜீனியா மாநிலத்தில் நண்பர் ஒருவரின் தந்தை நடத்திய பிளாஸ்டிக் தொழிற்சாலைக்குச் சென்றிருந்தார். அங்கே யூரித்தேனால் ஆன உருளைக் காலணிச் சக்கரங்கள் பீப்பாயில் கிடந்தன. வழவழப்பான மரத்தளத்தில் விரைவாக ஓடுபவர்கள் அவற்றை விரும்பவில்லை. தரையை மிகவும் பற்றுகின்றன, வேகம் போதவில்லை என்பது அவர்கள் குறை. புதிதாகப் பழகுவோருக்கு மட்டும் அவை உதவின. நாஸ்வொர்திக்கு அந்தக் குறையே நிறையாகத் தெரிந்தது. தெருவில் ஓடும் பலகைக்கு வேண்டியது அந்தப் பற்றுதானே! சிலவற்றை எடுத்துக் கலிபோர்னியாவுக்குக் கொண்டுபோனார்; சில ஆண்டுகளில் 'காடிலாக்' என்ற பெயரில் விற்கத் தொடங்கினார்.

யூரித்தேன் சக்கரம் கல்லின் மீது ஏறுகையில் கல் அதனுள் சற்றே அமிழ்கிறது. நாம் போட்ட கணக்கில் 5 மி.மீ. கல் இப்போது 2 அல்லது 3 மி.மீ. கல்லாகச் சுருங்கிவிடுகிறது. கடந்ததும் சக்கரம் பழைய உருவுக்கு உடனே மீள்கிறது. நசுங்கியபோது வாங்கிய ஆற்றலில் பெரும்பகுதியைத் திருப்பித் தந்துவிடுகிறது. வளைவில் வழுக்குவதில்லை. எளிதில் தேய்வதுமில்லை. 1975 வாக்கில் தூசி புகாமல் மூடப்பட்ட நேர்த்தியான பேரிங்குகளும் வந்து சேர்ந்தன. பத்தாண்டுகளாகச் செத்துக் கிடந்த விளையாட்டு எழுந்து உட்கார்ந்தது. ஒரு விளையாட்டின் தலையெழுத்தை ஒரு வேதிப்பொருள் மாற்றியது என்று சொன்னால் மிகையில்லை.

டெல் மாரில் திகைத்த நடுவர்கள்

1975-இல் கலிபோர்னியாவின் டெல் மார் நகரில் தேசியப் போட்டி நடத்தப்பட்டது. 1965-க்குப் பிறகு இவ்வளவு பெரிய போட்டி அப்போதுதான். (செலவை ஏற்றவர்களுள் அந்தச் சக்கரக் கம்பெனியும் ஒன்று.) பத்தாண்டு இடைவெளியில் சக்கரம் மாறியிருந்தது, ஆட்ட விதி மாறவில்லை. நிமிர்ந்து நின்று, கைநிற்பு, சுழற்சி என்று வரிசையாக வித்தை காட்டினால் மதிப்பெண்.

சாண்டா மோனிகாவில் அலைப்பலகை செய்துவந்த ஒரு கடையின் பெயரால் 'செஃபிர்' என்றொரு குழு அங்கு வந்தது. பன்னிரண்டு பேர், அவர்களில் ஒரே ஒரு பெண் பெக்கி ஓக்கி. நீல நிறச் சட்டை, அடிபட்ட முழங்கால்கள். அவர்கள் நிமிர்ந்து நிற்கவில்லை. உடலைத் தரையோடு தரையாகத் தாழ்த்தி, ஒரு கையைத் தரையில் ஊன்றி, அதையே மையமாக்கிப் பலகையை வீசித் திருப்பினார்கள். கடலில் அலையின் சுவரைக் கையால் தொட்டபடி திரும்புவதைச் சிமெண்டில் செய்தார்கள். களிமண் சக்கரத்தில் இதை முயன்றிருந்தால் பலகை வழுக்கிக்கொண்டு போயிருக்கும், யூரித்தேன் பிடித்துக்கொண்டது.

கூட்டம் ஆர்ப்பரித்தது. நடுவர்களுக்கோ இதற்கு எப்படி மதிப்பெண் போடுவதென்றே விளங்கவில்லை என்று அக்குழுவினர் பின்னாளில் நினைவு கூர்ந்திருக்கிறார்கள். விதிப் புத்தகத்தில் அந்த ஆட்டத்துக்கு இடமில்லை. பெண்கள் வித்தைப் பிரிவில் பெக்கி ஓக்கி முதலிடம் பெற்றார். ஆனாலும் குழுவினர் பலருக்கு மனக்குறை மிஞ்சியது. அவர்களுள் ஒருவரான ஸ்டேசி பெரால்டா 2001-இல் இதைப் பற்றியே ஓர் ஆவணப்படம் எடுத்தார்.

உத்திரமேரூர்க்காரர்களுக்கு இது புதிய சிக்கல் அன்று. வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள் இரண்டு இருக்கின்றன: ஒன்று 919-ஆம் ஆண்டுடையது, மற்றது 921-ஆம் ஆண்டுடையது. முப்பது குடும்புகளிலிருந்து ஊர்ச்சபைக்கு ஆள் தேர்வது எப்படி, யாருக்குத் தகுதி உண்டு, யாருக்கு இல்லை என்றெல்லாம் அவை வகுக்கின்றன. பெயர் எழுதிய ஓலைகளைக் குடத்திலிட்டு, ஒரு சிறுவனை விட்டு எடுக்கச் செய்தார்கள். இதைப் பாடத்தில் படித்திருப்பீர்கள். பலர் கவனிக்காத செய்தி ஒன்றுண்டு. முதல் கல்வெட்டில் வயது வரம்பு 30 முதல் 60. இரண்டாவதில் 35 முதல் 70. இரண்டே ஆண்டுகளில் விதியைத் திருத்தி, திருத்தத்தையும் கல்லில் வெட்டிவைத்தார்கள். எழுதிய விதி நடைமுறைக்குப் பொருந்தவில்லையென்றால் நடைமுறையைக் குறை சொல்லாமல் விதியை மாற்றத் துணிந்தவர்கள்!

சக்கரப் பலகைக்காரர்களுக்கு அந்தத் துணிவு வரச் சில காலம் பிடித்தது. இப்போது வந்துவிட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் தெரு ஆட்டத்துக்கு ஐந்து நடுவர்கள். அவர்கள் தரும் மதிப்பெண்களில் மிக உயர்ந்ததையும் மிகத் தாழ்ந்ததையும் தள்ளிவிட்டு, மீதி மூன்றின் சராசரியை எடுத்தார்கள். ஒருவருடைய ஓரவஞ்சனையோ, ஒருவருடைய அளவுகடந்த அபிமானமோ முடிவைக் கெடுக்காமலிருக்க இது ஒரு நல்ல கணக்கு முறை. இரண்டு முழு ஓட்டம், ஐந்து தனி வித்தை, ஆக ஏழில் சிறந்த நான்கைக் கூட்டினார்கள். 2024 பாரிசில் அதையும் மாற்றி, ஒரு சிறந்த ஓட்டமும் இரண்டு சிறந்த வித்தைகளும் போதும் என்றார்கள்.

வறட்சி கொடுத்த மைதானம்

1976, 77-ஆம் ஆண்டுகளில் கலிபோர்னியாவில் கடும் வறட்சி. அங்கே வசதியுள்ள வீடுகளின் பின்புறம் நீச்சல் குளம் கட்டுவது வழக்கம். நம் கோயில் குளம் போலப் படிகளோ செங்குத்துச் சுவரோ இல்லாமல், அடித்தளமும் சுவரும் ஒரு கிண்ணம் போல வளைந்து சேரும். தண்ணீர்த் தட்டுப்பாட்டினால் குளங்கள் வறண்டு கிடந்தன. வீட்டுக்காரர் இல்லாத நேரம் பார்த்துப் பையன்கள் வேலி தாண்டிக் குதித்தார்கள். (செய்தது சரியென்று நான் சொல்லவில்லை. போலீஸ் வருவதும் இவர்கள் ஓடுவதும் அன்றாடக் காட்சி.) அந்தச் சிமெண்டுக் கிண்ணத்தில் ஓர் அலை உறைந்து நிற்பதை அவர்கள் கண்டார்கள்.

மூன்று மீட்டர் ஆழமுள்ள குளத்தின் விளிம்பைத் தொட எவ்வளவு வேகம் வேண்டும்? இயக்க ஆற்றல் முழுதும் நிலை ஆற்றலாக மாறுவதாகக் கொண்டால், விநாடிக்கு 7.7 மீட்டர், அதாவது மணிக்குச் சுமார் 28 கி.மீ. உராய்வு இழப்பையும் சேர்த்தால் இன்னும் சற்று அதிகம். காலால் தரையை உதைக்காமலே இந்த வேகத்தை எப்படிப் பெறுகிறார்கள் என்பதுதான் வியப்பு. ஆலமரத்து ஊஞ்சலில் நின்றுகொண்டு ஆடியவர்களுக்கு இரகசியம் தெரியும். யாரும் தள்ளாமலே, உரிய நேரத்தில் உட்கார்ந்தும் எழுந்தும் ஊஞ்சலின் வீச்சைப் பெருக்குகிறோம் அல்லவா? குளத்தின் வளைவில் விரையும்போது உடல் கனத்துப்போன உணர்வு ஏற்படும். அந்தக் கனத்துக்கு எதிராக முழங்காலை நிமிர்த்தி எழும்போது தசைகள் நிறைய வேலை செய்கின்றன. மேலே, கனம் குறைந்த இடத்தில், மீண்டும் குந்திக்கொள்கிறார்கள். எழுந்தபோது செலுத்திய ஆற்றலுக்கும் குந்தியபோது இழந்த ஆற்றலுக்கும் உள்ள வித்தியாசமே வேகமாகச் சேர்கிறது.

விளிம்பைத் தொட்டவர்கள் விரைவில் விளிம்பைத் தாண்டி அந்தரத்தில் எழும்பினார்கள். 1976-இல் கலிபோர்னியாவின் கார்ல்ஸ்பாடிலும் புளோரிடா மாநிலத்தின் போர்ட் ஆரஞ்சிலும் இதற்கென்றே பூங்காக்கள் திறக்கப்பட்டன. போட்டியும் தட்டையான தரையிலிருந்து கிண்ணத்துக்குக் குடிபெயர்ந்தது.

கிட்டிப்புள் தத்துவம்

விளிம்பைத் தாண்டி எழும்புகையில் பலகையைக் கையால் பிடித்துக்கொள்வார்கள். புளோரிடாச் சிறுவன் ஆலன் கெல்ஃபாண்ட் 1970-களின் பிற்பகுதியில் கையால் தொடாமலே பலகையும் தானுமாக மேலெழும்பிக் காட்டினான். அவனுடைய செல்லப்பெயரால் அவ்வித்தை 'ஓலி' எனப்படுகிறது. 1980-களின் தொடக்கத்தில் ராட்னி முல்லன் அதைச் சமதரையிலேயே செய்தார். இன்றைய தெரு ஆட்டம் முழுவதும் இந்த ஒரு வித்தையின் மீது கட்டப்பட்டது எனலாம்.

பலகையைக் காலில் ஒட்டிவைக்கவில்லை, கட்டவும் இல்லை. பின் எப்படி அது கூடவே எழும்புகிறது? கிட்டிப்புள் ஆடியிருக்கிறீர்களா? புள்ளின் கூர்முனையைக் கோலால் தட்டினால் புள் துள்ளி எழும்பும். பலகையின் பின்முனையும் அவ்வாறே மேல்நோக்கி வளைந்திருக்கிறது. ஆட்டக்காரர் குதித்தெழும் கணத்தில் பின்காலால் அம்முனையை ஓங்கி மிதிக்கிறார். பின்சக்கரங்களை ஆதாரமாகக் கொண்டு முன்பக்கம் எழும்புகிறது; பின்முனை தரையில் மோதித் துள்ள, பலகை முழுதும் மேலே வருகிறது. அதே நொடியில் முன்காலைப் பலகையின் சொரசொரப்பான மேற்பரப்பில் தேய்த்து முன்னுக்கு இழுக்கிறார். அந்த உராய்வு விசை பலகையை மேலும் உயர்த்தி, அந்தரத்தில் மட்டமாக்கிவிடுகிறது. பார்ப்பவர் கண்ணுக்குப் பலகை காலோடு ஒட்டியது போலத் தோன்றும். சொல்ல மூன்று வாக்கியம்; பழக மாதக்கணக்கில் ஆகும்.

பின்னர் நடந்ததைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். விபத்துக் காப்பீட்டுச் செலவு தாங்காமல் 1980-களின் தொடக்கத்தில் பல பூங்காக்கள் மூடப்பட்டன. நார்வே நாடு 1978 முதல் 1989 வரை பலகையையே தடை செய்திருந்தது. 1983-இல் பிராங்க் ஹாக் என்பவர் அமெரிக்காவில் தேசியச் சங்கம் ஒன்றைத் தோற்றுவித்தார். கம்பெனிகளின் கையிலிருந்த போட்டிகளுக்கு ஓர் ஒழுங்கு வந்தது. அவர் மகன் டோனி ஹாக் 1999-இல் அந்தரத்தில் இரண்டரைச் சுற்றுச் சுழன்று காட்டினார். 2018 ஆசிய விளையாட்டில் பலகை சேர்க்கப்பட்டது. டோக்கியோ ஒலிம்பிக்கில் பெண்கள் தெரு ஆட்டத்தில் தங்கம் வென்ற ஜப்பானின் நிஷியா மோமிஜிக்கு அப்போது வயது 13. வெள்ளி வென்ற பிரேசில் நாட்டின் ரேய்சா லெயாலுக்கும் 13 தான்.

மாமல்லபுரத்தில்

உத்திரமேரூரிலிருந்து செங்கல்பட்டு வழியாகச் சென்றால் சுமார் 60 கி.மீ. தொலைவில் மாமல்லபுரம். 2019 வரை அதுவும் காஞ்சிபுரம் மாவட்டம்தான். பிறகு செங்கல்பட்டு மாவட்டத்தோடு போயிற்று. அங்கே மீனவர் குடும்பத்துச் சிறுமி ஒருத்தி, வெள்ளை உடையில், வெறுங்காலுடன் பலகையில் ஏறிச் சரிவில் இறங்கும் புகைப்படம் ஒன்றை டோனி ஹாக் தம் பக்கத்தில் வெளியிட, அது உலகைச் சுற்றிவந்தது. அவளையும் அவள் தாயையும் பற்றி சாஷா ரெயின்போ எடுத்த 'கமலி' என்ற படம் 2020-இல் பிரிட்டனின் பாஃப்டா பரிசுக்கு இறுதிப் பட்டியலில் இடம்பெற்றது. அவ்வாண்டு அதே பிரிவில் பரிசை வென்றதும் பலகைப் படம்தான். ஆப்கானிஸ்தானத்தின் காபூல் நகரில் பலகை பழகும் சிறுமிகளைப் பற்றியது அது. கமலி பின்னர் கடலலைப் பலகையிலும் தேர்ந்து, தேசியப் போட்டிகளில் பட்டங்கள் பெற்றார். மத்தியப் பிரதேசத்தின் ஜன்வார் என்னும் சிற்றூரில் 2015-இல் ஒரு பலகைப் பூங்கா கட்டப்பட்டது. அவ்வூரைச் சேர்ந்த ஆஷா கோண்ட் 2018-இல் சீனாவின் நான்ஜிங் நகரில் நடந்த உலகப் போட்டிக்குச் சென்றார். 2022-இல் குஜராத்தில் நடந்த தேசிய விளையாட்டிலும் பலகைக்கு இடம் கிடைத்தது.

இதைப் பணக்கார நாட்டுப் பிள்ளைகளின் பொழுதுபோக்கு என்று ஒதுக்குவோர் நம்மில் உண்டு. ஜன்வாரில் பணக்காரர் யாருமில்லை. வழவழப்பான சிமெண்டுத் தரை கொஞ்சம் வேண்டும். அறுவடை இல்லாத மாதங்களில் நம் ஊர் நெற்களங்கள் சும்மாதானே கிடக்கின்றன? ஆனால் தலைக்கவசமும், முழங்கால் முழங்கைக்கு உறையும் இல்லாமல் பலகையில் ஏறக் கூடாது. லாரியும் பேருந்தும் போகும் சாலைக்கு ஒருபோதும் கொண்டுபோகக் கூடாது.

பலகை கிடைக்காதவர்கள் ஒரு சோதனை செய்து பார்க்கலாம். நீளமான பலகை ஒன்றின் ஒரு முனையைச் செங்கல் மீது வைத்துச் சரிவாக்குங்கள். பழைய பேரிங் ஒன்றையும், உடைந்த பயணப்பெட்டியிலிருந்து கழற்றிய மென்மையான சக்கரம் ஒன்றையும், கூடியவரை ஒரே அளவில், மேலிருந்து உருள விடுங்கள். சரிவு முடியும் இடத்தில் முதலில் மணல், பிறகு அரிசி, பிறகு சிறு சரளை என்று போட்டு, எது எவ்வளவு தூரம் போகிறதென்று அளந்து எழுதுங்கள். கல்லின் உயரம் 10 மி.மீ. ஆனால் 5 செ.மீ. சக்கரத்துக்கு எடையில் எத்தனை பங்கு விசை வேண்டும் என்பதையும் மேலே சொன்ன முறையில் கணக்கிடுங்கள். விடை ஒன்றே கால் பங்குக்குச் சற்று மேலே வந்தால் நீங்கள் போட்ட கணக்கு சரி.